ஏபிஎஸ் விளக்கு அணையவில்லையா? சென்சரை மாற்றும் முன் போர்வீல் வண்டியில் பார்க்க வேண்டியவை

தோட்டச் சாலையில் ஓடும் போர்வீல் வண்டிகளில் மஞ்சள் நிற ஏபிஎஸ் விளக்கு எரிவது புதிதல்ல. செம்மண் சேறு, செம்பனை வரிசைகளுக்கு நடுவே தேங்கும் நீர், பாலம் இல்லாத ஓடை, போதாக்குறைக்கு உயர் அழுத்தத் தண்ணீரில் கழுவுதல் என எல்லாவற்றையும் சக்கரத்தின் உட்புறத்தில் இருக்கும் விரல் அளவுச் சென்சர் ஒன்று தாங்க வேண்டியிருக்கிறது.

விளக்கு எரிந்ததும் பொதுவாக இரண்டு தவறுகள் நடக்கின்றன. "பிரேக் பிடிக்கத்தானே செய்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று மாதக்கணக்கில் விட்டுவிடுவது ஒன்று. கணினியில் வந்த குறியீட்டைப் பார்த்த கையோடு புதுச் சென்சர் வாங்கிப் போடுவது மற்றொன்று. அடுத்த மழைக்கு அதே விளக்கு மீண்டும் எரியும்போது, போன பணம் திரும்பி வராது.

குறியீடு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: எந்தச் சக்கரத்திலிருந்து சரியான தகவல் வரவில்லை என்பது. எந்தப் பாகம் கெட்டது என்பதை அது சொல்வதில்லை. அதை மனிதர்தான் கண்ணால் பார்த்து, மீட்டரால் அளந்து கண்டுபிடிக்க வேண்டும்.

விளக்கு என்ன சொல்கிறது?

மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால், சாதாரண பிரேக் வேலை செய்யும். ஆனால் திடீரென்று அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கலாம். அப்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. மழையில் நனைந்த மலைச்சாலையில், பின்னால் ஆட்களோ சுமையோ இருக்கும்போது இது சிறிய விஷயமல்ல.

மஞ்சள் விளக்குடன் சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் நிலைமை வேறு. முதலில் ஹேண்ட் பிரேக் முழுவதும் இறங்கியிருக்கிறதா, பிரேக் எண்ணெய் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தும் சிவப்பு அணையவில்லை என்றால், முன் பின் சக்கரங்களுக்கு பிரேக் விசையைப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பும் நின்றுபோயிருக்கலாம். சுமை இல்லாத பிக்-அப் வண்டியில் பின் சக்கரங்கள் முதலில் பூட்டி, வால் பகுதி சுழன்றுவிடும். அந்த நிலையில் வேலைக்கு ஓட்டக் கூடாது. பெடல் மெத்தென்று இறங்கினால் ஓட்டவே கூடாது. இழுவை வண்டியை அழைப்பதுதான் சரி.

ஏபிஎஸ் விளக்கோடு சறுக்கல் தடுப்பு, மலை இறக்கக் கட்டுப்பாடு போன்ற விளக்குகளும் ஒன்றாக எரிவதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். இவை அனைத்தும் அதே நான்கு சென்சர்களை நம்பியிருப்பவை. ஒரு சென்சரின் தகவல் நின்றால் எல்லாமே ஒதுங்கிக்கொள்ளும். நான்கு விளக்கு எரிந்தால் நான்கு பழுது என்று பொருளல்ல.

பழுதே இல்லாமல் எரியும் விளக்கும் உண்டு. டொயோட்டா ஹைலக்ஸ் வண்டியில் பின் டிஃப் லாக்கைப் போட்டால் ஏபிஎஸ் தானாகவே நின்று, விளக்கும் எரியும். லாக்கை எடுத்த பிறகும் விளக்கு அணையாவிட்டால்தான் பழுதைத் தேட வேண்டும்.

சென்சர் வேலை செய்யும் விதம்

ஒவ்வொரு சக்கரத்துடனும் பல் வைத்த இரும்பு வளையம் ஒன்று சுழல்கிறது. அதற்கு மிக அருகில், தொடாமல், சென்சர் நிற்கிறது. ஒவ்வொரு பல்லும் கடந்து செல்லும்போது ஒரு மின் துடிப்பு கணினிக்குப் போகிறது. நான்கு சக்கரங்களின் துடிப்புகளையும் கணினி ஒப்பிட்டுப் பார்க்கும். பிரேக் பிடிக்கும்போது ஒரு சக்கரத்தின் வேகம் மட்டும் சட்டென்று விழுந்தால், அது பூட்டப் போகிறது என்று எடுத்துக்கொண்டு, அந்தச் சக்கரத்தின் பிரேக் அழுத்தத்தை ஒரு விநாடிக்குள் பலமுறை விட்டுப் பிடிக்கும்.

சென்சரில் இரண்டு வகை உண்டு. எந்த வகை என்று தெரியாமல் மீட்டரை வைத்தால் முடிவு தவறாகிவிடும்.

பழைய வகையில் காந்தமும் கம்பிச் சுருளும் மட்டுமே இருக்கும். வெளியிலிருந்து மின்சாரம் தேவையில்லை. சக்கரம் சுழன்றால் தானே மின்சாரத்தை உண்டாக்கும். மிக மெதுவாக ஓடும்போது இதன் துடிப்பு பலவீனமாக இருக்கும்.

புதிய வகையின் உள்ளே சிறிய மின்னணுச் சுற்று இருக்கும். இதற்குக் கணினியிலிருந்து மின்சாரம் வர வேண்டும். வண்டி ஊர்ந்து சென்றாலும் வேகத்தைச் சரியாகச் சொல்லும். பல வண்டிகளில் பல் வளையத்துக்குப் பதிலாக, பேரிங்கின் ஒரு பக்கத்திலேயே காந்த வளையம் பதிக்கப்பட்டிருக்கும்.

இரண்டு வகைக்கும் பெரும்பாலும் இரண்டு வயர்கள்தான் என்பதால், வயரை எண்ணி வகையைச் சொல்ல முடியாது. வண்டியின் பழுதுபார்ப்புக் கையேட்டையோ சென்சரின் பாக எண்ணையோ வைத்துத்தான் உறுதிசெய்ய வேண்டும்.

பழுது எங்கிருந்து வருகிறது?

தோட்டத்திலும் காட்டுப் பாதையிலும் ஓடும் வண்டிகளில் சென்சரைவிட அதைச் சுற்றியுள்ளவையே அதிகம் சோதனைக்கு உள்ளாகின்றன.

வயர்: முன் சக்கரம் இடமும் வலமும் திரும்பும்போதும், பின் அச்சு மேலும் கீழும் ஆடும்போதும் வயர் மடங்கி நிமிர்கிறது. காலப்போக்கில் வெளி உறை நன்றாக இருக்க, உள்ளே செம்புக் கம்பி மட்டும் அறுந்திருக்கும். வண்டியின் உயரத்தைக் கூட்டியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பழைய நீளத்திலேயே விடப்பட்ட வயர், ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பும்போது இழுபடும். குச்சி, கொடி சிக்கி இழுப்பதும், எலி கடிப்பதும் உண்டு.

இணைப்பான்: தண்ணீர் புகுந்தால் முனைகளில் பச்சை நிறத் துரு படியும். மழையில் எரிந்து வெயிலில் அணையும் விளக்குக்கு முதல் சந்தேகம் இங்கேதான்.

சென்சரின் முனை: காந்தம் இருப்பதால் பிரேக்கிலிருந்தும் பேரிங்கிலிருந்தும் வரும் இரும்புத் தூள் முடிபோல ஒட்டிக்கொள்ளும். சேறு காய்ந்து கெட்டிப்படுவதும் உண்டு.

பல் வளையம்: கல் சிக்கிப் பல் உடையலாம், துருவேறி வளையம் வெடிக்கலாம், இருக்க வேண்டிய இடத்திலிருந்து நகர்ந்துவிடலாம்.

பேரிங்: தேய்ந்த பேரிங் ஆடும்போது வளையத்துக்கும் சென்சருக்கும் இடையிலான இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும். வளைவில் மட்டும் விளக்கு எரிந்தால் பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

டயர்: மூன்று சக்கரத்தில் ஒரு அளவும் ஒன்றில் வேறு அளவும் இருந்தால், அந்த ஒரு சக்கரம் வேறு வேகத்தில் சுழல்வதாகக் கணினி எண்ணும். பஞ்சருக்குப் பிறகு வேறு அளவு ஸ்பேர் டயரைப் போட்டு, அதை மறந்துவிட்டுச் சென்சரைத் தேடக் கூடாது.

பேட்டரி: மின்னழுத்தம் மிகவும் இறங்கினாலும் ஏபிஎஸ் கணினி வேலையை நிறுத்திவிடும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் தகராறு என்றால் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் முதலில் சோதிக்க வேண்டும்.

படிப்படியாகத் தேடும் முறை

முதல் படி, நினைவுபடுத்திப் பார்ப்பது. விளக்கு எப்போது எரிகிறது? சாவியைத் திருப்பியவுடனா, வண்டி நகர்ந்த பிறகா, மழையிலா, வளைவிலா? அதற்கு முன் வண்டியில் என்ன வேலை நடந்தது? பேரிங், பிரேக் ஷூ, ஷாக் அப்சார்பர் மாற்றிய மறுநாளே விளக்கு எரிந்தால், அந்த வேலை நடந்த சக்கரத்திலிருந்து தொடங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

சாவியைத் திருப்பியதும் விளக்கு அணையாமலே நின்றால் பெரும்பாலும் வயர் அறுந்தது, இணைப்பு விட்டது போன்ற மின்பழுது. நகர்ந்த பிறகு எரிந்தால் முனையில் அழுக்கு, வளையம், இடைவெளி, பேரிங் ஆகியவற்றின் பக்கம் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, குறியீட்டைப் படிப்பது. மலிவான ஸ்கேனர்களில் பல இயந்திரக் குறியீட்டை மட்டுமே படிக்கும். பிரேக் கணினியுடனும் பேசும் ஸ்கேனர் தேவை. பிரேக், அச்சு தொடர்பான குறியீடுகள் 'சி' எழுத்தில் தொடங்கும். டொயோட்டா வண்டிகளில் சி0200 முன் வலது, சி0205 முன் இடது, சி0210 பின் வலது, சி0215 பின் இடது. வலது, இடது என்பது ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து முன்னே பார்க்கும் நிலையில் சொல்லப்படுவது. எதிரே நின்று பார்த்துவிட்டுத் தவறான சக்கரத்தைக் கழற்றக் கூடாது. அழிப்பதற்கு முன் எல்லாக் குறியீடுகளையும் எழுதி வைப்பது அவசியம்.

மூன்றாவது, நான்கு சக்கர வேகத்தையும் ஒன்றாகப் பார்ப்பது. ஸ்கேனரில் நேரடித் தகவல் பக்கத்தைத் திறந்து, ஒருவர் ஓட்ட, இன்னொருவர் திரையைக் கவனிக்க வேண்டும். நேர்ச் சாலையில் மணிக்கு 20 முதல் 40 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு எண்களும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று பூஜ்யத்தில் நின்றால் மின்பழுது. ஒன்று இடையிடையே விழுந்து எழுந்தால் வளையம் அல்லது ஆடும் இணைப்பு. ஒன்று மெதுவான வேகத்தில் மட்டும் மற்றவற்றுக்கு முன்பாகவே பூஜ்யமானால், சென்சரின் துடிப்பு பலவீனமாக இருக்கிறது.

நான்காவது, கண்ணால் பார்ப்பது. சமமான கெட்டித் தரையில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்கியதும் தாங்கி வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங் தேய்வு தெரியும். வயரை இணைப்பான் முதல் சென்சர் வரை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஹைலக்ஸ் போன்ற பட்டைச் சுருள் வண்டிகளில், பின் வயர் அச்சுக் குழாயிலிருந்து சட்டத்துக்கு ஏறும் இடத்தைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.

ஐந்தாவது, அளந்து பார்ப்பது. கம்பிச்சுருள் வகையில், இணைப்பானைக் கழற்றிச் சென்சர் பக்கம் ஓம் அளவை எடுக்கலாம். பெரும்பாலான சென்சர்கள் 800 முதல் 2,500 ஓம் வரை காட்டும். சரியான எண்ணைக் கையேட்டில் பார்த்து, மறுபக்கச் சென்சருடனும் ஒப்பிட வேண்டும். எண்ணே வராவிட்டால் உள்ளே அறுந்திருக்கிறது. சென்சர் முனைக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே தொடர்பு இருக்கவே கூடாது. மீட்டரை ஏசி மில்லிவோல்ட்டில் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினால், சுற்றும் வேகத்துக்கு ஏற்ப அளவு ஏறி இறங்க வேண்டும்.

அளக்கும்போதே வயரை வளைத்து ஆட்டிப் பார்ப்பது முக்கியம். அசையாத வயர் நல்ல எண்ணைக் காட்டிவிட்டு, ஓடும்போது கைவிடும்.

மின்னணு வகையில் ஓம் அளவு எதையும் நிரூபிக்காது; மீட்டரின் மின்சாரமே உள் சுற்றைக் கெடுக்கவும் கூடும். இங்கே சாவியைத் திருப்பி, கணினியிலிருந்து வரும் வயர் பக்கம் மின்னழுத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பல வண்டிகளில் அது பேட்டரி அளவுக்கு அருகில் இருக்கும். அங்கே மின்சாரம் வராவிட்டால் எத்தனை புதுச் சென்சர் போட்டாலும் பயனில்லை. மின்சாரம் வந்தால், அடுத்து சென்சரிலிருந்து போகும் மின்னோட்டத்தைப் பார்க்கலாம். பரவலாகப் பயன்படும் சென்சர்களில் அது பல்லுக்குப் பல் 7 மில்லிஆம்பியருக்கும் 14 மில்லிஆம்பியருக்கும் இடையே மாறும். இதற்கு ஆசிலோஸ்கோப் இருக்கும் பட்டறை நல்லது.

விளக்கு எரியாமலே வரும் ஆபத்து

எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டியது இது. காய்ந்த தார்ச் சாலையில் மெதுவாக பிரேக் பிடித்து, வண்டி நிற்கப் போகும் கடைசி நொடியில் பெடல் காலுக்கு அடியில் படபடவென்று துடித்து, வண்டி எதிர்பார்த்த இடத்தைத் தாண்டி நகர்ந்தால், ஏபிஎஸ் தவறாக இயங்குகிறது என்று பொருள். சென்சரின் துடிப்பு மெதுவான வேகத்தில் மறைந்துவிட, சக்கரம் பூட்டிவிட்டது என்று கணினி ஏமாந்து, நன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கை விட்டுவிடுகிறது. குறியீடு பதிவாகாமலும் போகலாம்.

இதன் முக்கியக் காரணம் துரு. சென்சர் அமரும் இடத்தில் துரு பெருகி, சென்சரை மெல்ல மேலே தூக்கி, வளையத்திலிருந்து விலக்கிவிடும். 2005ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், 1999 முதல் 2002 வரையிலான 8 லட்சம் பிக்-அப், எஸ்யூவி வண்டிகளை அமெரிக்காவில் திரும்ப அழைத்தது இதே பழுதுக்காகத்தான். அங்கே பனிக்காலச் சாலை உப்பு காரணம். இங்கே பனி இல்லை. ஆனால் கடற்கரை மணலில் ஓட்டிவிட்டுக் கழுவாமல் நிறுத்துவதும், ஈரச் சேறு மாதக்கணக்கில் ஒட்டியிருப்பதும் துருவுக்கு வழிவிடும்.

இப்படித் துடிக்கும் வண்டியைக் குழந்தைகள் நடமாடும் வீடமைப்புப் பகுதியிலோ, பள்ளி வாசலிலோ ஓட்டுவது ஆபத்து. விளக்கு எரியவில்லை என்பதற்காகத் தள்ளிப்போடக் கூடாது.

சரிசெய்யும்போது

அழுக்கு மட்டும் என்றால் சென்சரைக் கழற்றி, துணியாலும் பிரேக் கிளீனராலும் துடைத்தால் போதும். அது அமரும் துளையிலும் தளத்திலும் உள்ள துருவைச் சுரண்டி எடுத்த பிறகே மாட்ட வேண்டும். இறுகிப்போன சென்சரைச் சுத்தியலால் அடித்தால் உடையும். துரு நீக்கும் எண்ணெயைத் தெளித்து, பொறுமையாக இடமும் வலமும் திருப்பி எடுக்க வேண்டும். இடைவெளி போதாது என்று முனையைத் தேய்ப்பதும், வாஷரைப் போட்டு உயர்த்துவதும் தவறு.

வயரைச் சாதாரண டேப்பால் சுற்றி விட்டால் அடுத்த மழைவரைதான் தாங்கும். ஈயம் வைத்து ஒட்டி, பசை உள்ள சுருங்கு குழாயால் மூடி, பழைய பிடிப்பான்கள் எல்லாவற்றிலும் மீண்டும் பொருத்த வேண்டும். அடிக்கடி மடங்கும் இடத்தில் ஒட்டு வேலை நிற்காது. அங்கே முழு வயரையும் மாற்றுவதே நல்லது.

பேரிங் மாற்றும்போது இரண்டு விஷயம். காந்த வளையம் உள்ள பேரிங்கில் அந்தப் பக்கம் சென்சரை நோக்கி இருக்க வேண்டும். திருப்பி அடித்தால் தகவலே வராது. அதைக் காந்தமுள்ள கருவிகளுக்கு அருகில் வைக்கவும் கூடாது. பின் அச்சில் அழுத்திப் பொருத்தும் பல் வளையம் பழைய இடத்திலேயே உட்கார வேண்டும். சற்று விலகினாலும் சென்சர் பல்லைக் காணாது.

வேலை முடிந்ததும் குறியீட்டை அழித்து, ஆளில்லாத சமதளச் சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் ஓரளவு வேகம் எடுத்த பிறகுதான் கணினி சென்சரைச் சரிபார்த்து விளக்கை அணைக்கும்.

விளக்கை மறைக்கும் வேலை வேண்டாம்

விளக்கு தொந்தரவு தருகிறது என்று பியூசைப் பிடுங்குபவர்களும், பல்பைக் கழற்றுபவர்களும் இருக்கிறார்கள். பியூசை எடுத்தால் ஏபிஎஸ்சுடன் பிரேக் விசைப் பகிர்வும் சறுக்கல் தடுப்பும் நின்றுபோகும். பல்பைக் கழற்றினால் அடுத்து ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது.

பழைய வண்டி வாங்குவோர் இதைச் சோதிப்பது எளிது. சாவியைத் திருப்பியதும் ஏபிஎஸ் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் தானாக அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலோ, இன்ஜின் எண்ணெய் விளக்கு போன்ற வேறொன்றுடன் ஒரே நொடியில் சேர்ந்து அணைந்தாலோ, யாரோ வயரை மாற்றி இணைத்திருக்கலாம். பரிசோதனை நிலையத்தில் உருளை மீது நிறுத்தி எடுக்கும் பிரேக் சோதனை, சக்கரத்தின் பிடிப்பு விசையை அளப்பது. அதில் தேறியதாலேயே ஏபிஎஸ் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஏபிஎஸ் எல்லா இடத்திலும் வண்டியைச் சீக்கிரம் நிறுத்தும் என்பதும் சரியல்ல. உதிரிக் கல், மணல் பாதையில் பூட்டிய சக்கரம் தனக்கு முன்னால் மண்ணைக் குவித்து நிற்கும். ஏபிஎஸ் அதற்கு இடம் கொடுக்காததால் தூரம் சற்றுக் கூடலாம். ஆனால் ஸ்டீயரிங் கையில் இருக்கும். செம்மண் இறக்கத்தில் ஏபிஎஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறைந்த கியரில் மெதுவாக இறங்குவதே பாதுகாப்பு.

பட்டறையில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

குறியீடு என்ன, எந்தச் சக்கரம்? வயரையும் இணைப்பானையும் வளையத்தையும் பார்த்தாகிவிட்டதா? அளந்தபோது கிடைத்த எண் என்ன, மறுபக்கத்தில் என்ன? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லும் மெக்கானிக் "சென்சரை மாற்ற வேண்டும்" என்றால் தயங்காமல் மாற்றலாம். பதில் இல்லாமல் பாகத்தின் விலையை மட்டும் சொன்னால், பணம் கட்டுவதற்கு முன் இன்னொரு பட்டறையில் காட்டுவது நல்லது. கழற்றிய பழைய சென்சரைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வதும் வாடிக்கையாளருக்கு நன்மையே.